வேலில் கட்டிய வேப்பந்தழை

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டாய். படிக்கட்டில் தொங்காதே என்று எத்தனை முறை சொல்வது? அது போகட்டும். நீ கேட்டது இதுதான்: "அகநானூறு முழுக்க ஸ்டேட்டஸ்தானே ஐயா? அவங்க மனசுல இருக்கிறதைக் கொட்டினா இலக்கியம், நாங்க கொட்டினா அலப்பறையா?"

முதலில் சிரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. இது உன் ஒருவன் கேள்வியாக இருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். 'சங்க காலத்து ஃபேஸ்புக்', 'தோழிதான் அந்தக் கால வாட்ஸ்அப்' என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் தமிழாசிரியர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

ஐந்திணை, கைக்கிளை, பெருந்திணை எல்லாம் நீ எழுதித் தேறியவை. தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவுபடுத்துகிறேன்: அன்பின் ஐந்திணையில் வருகிற யாரையும் இன்னார் என்று சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது. உங்களுக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வி. எனக்கோ நாற்பது வருஷமாக அதற்குள்தான் குடித்தனம்.

நெடுநல்வாடையை எடுத்துக்கொள். நக்கீரர் பாடியது, 188 அடி. மழை விட்டும் குளிர் விடாத காலம். கோவலர் கையில் கொள்ளியை வைத்துக்கொண்டு நடுங்குகிறார்கள். பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. மரத்திலிருக்கும் பறவை குளிர் தாங்காமல் கீழே விழுகிறது. அரண்மனையில் நாற்பது வயது யானையின் தந்தத்தில் கடைந்த கட்டிலில் அரசி படுத்திருக்கிறாள். செவிலியர் சொல்கிற ஆறுதல் எதுவும் காதில் ஏறவில்லை. மேல்விதானத்துச் சித்திரத்தில் நிலவை விட்டுப் பிரியாத உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அவனோ பாசறையில், நள்ளிரவில், வாடைக்காற்று விளக்குகளை அலைக்கழிக்கும்போது, புண்பட்ட வீரர்களைப் பார்த்தபடி தூக்கமில்லாமல் நடக்கிறான். அவளுக்கும் பெயரில்லை, அவனுக்கும் பெயரில்லை. பிரிவும் வாடையும் காத்திருப்பும் இருக்கின்றன. அகப்பாட்டுக்கு வேறு என்ன வேண்டும்?

ஆனால் அவனுக்கு முன்னே நடக்கிற படைத்தலைவன் கையில் ஒரு வேல். வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. அங்கேதான் உரைகாரர் நச்சினார்க்கினியர் பிடித்துக்கொண்டார். சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. அப்படியானால் நடக்கிறவன் யார் என்று தெரிந்துபோயிற்று. தெரிந்துபோனால் இது அகமன்று, புறம் என்றார். 188 அடியில் ஒரு தழை, அவ்வளவுதான்! கட்டிலும் சித்திரமும் பெருமூச்சும் சேர்ந்துகூட அந்தப் பாட்டை அகத்தில் நிறுத்திவைக்க முடியவில்லை. வேம்பு இருந்தால் என்ன, உணர்ச்சி அகம்தானே என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. நான் நச்சினார்க்கினியர் கட்சி. இந்த வேப்பந்தழையை வைத்து என்னிடம் எம்.ஃபில். செய்த பிள்ளைகளை நான் படுத்திய பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து நக்கண்ணையார். புறநானூற்றில் 83, 84, 85 அவர் பாட்டு. மூன்றும் காதல் பாட்டுகள்தாம். ஒரு மறவன் மேல் ஆசை, ஊருக்கும் தாய்க்கும் பயம், வளை கழலுகிறது. பின் ஏன் புறத்தில் இருக்கின்றன? பாட்டுக்குள்ளே அவன் பெயர் இல்லை, பார்த்துக்கொள். ஆனால் அது போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றி இந்தப் பெண் பாடியது என்ற செய்தி பாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது போதும், திணை கைக்கிளை, தொகை புறம். இதே நக்கண்ணையார் பெயரில் நற்றிணையிலும் பாட்டு உண்டு. அங்கே காதலிக்கிறவள் வெறும் தலைவி. அதனால் ஈராயிரம் ஆண்டு கழித்து என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் அதைப் படித்துவிட்டுத் தன் கதை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புறநானூறு 83-ஐ நடத்தும்போது அவள் அழவில்லை. "யாருங்க ஐயா அந்தக் கிள்ளி?" என்று கேட்டாள்.

கேட்டாயா தம்பி? பெயர் தெரிந்தவுடன் நம் கண் உணர்ச்சியை விட்டு ஆளிடம் போய்விடுகிறது. கொட்டுவதில் குற்றமில்லை, கொட்டியதன் மேல் முகவரி ஒட்டுவதில்தான் திணை மாறுகிறது.

உன் வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள். பள்ளிச் சீருடையில் குழந்தையை வாசலில் நிறுத்திப் படம் எடுத்துப் போட்டார்கள். சீருடையில் பள்ளியின் முத்திரை, பின்னால் கதவு எண், பக்கத்தில் வண்டி, வண்டியில் நம்பர் பிளேட், கேக்கில் வயது. ஊர், தெரு, பள்ளி, பிறந்த தேதி எல்லாம் ஒரே படத்தில். நக்கீரர் ஒரு தழையோடு நிறுத்திக்கொண்டார், இவர்கள் வேப்பமரத்தையே வேரோடு பிடுங்கி வந்து வைத்திருக்கிறார்கள். குழந்தையிடம் யார் கேட்டார்கள்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டில். 24 மணி நேரத்தில் மறைகிற ஸ்டேட்டஸ் வாட்ஸ்அப்பில் வந்ததும் அதே 2017-இல்தான், பிப்ரவரியில். எது வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது 'கூற்று' என்று ஒன்றும், 'கேட்போர்' என்று ஒன்றும் வருகிறதே, அதைப் பற்றி ஒருநாளாவது யோசித்தாயா? யார் சொல்கிறார் என்பதைப் போலவே யாரிடம் சொல்கிறார் என்பதும் பாட்டின் உறுப்பு. தலைவி தோழியிடம் சொல்வாள். தோழியும் இல்லாவிட்டால் கடலிடம் சொல்வாள், குருகிடம் சொல்வாள், தன் நெஞ்சிடம் சொல்வாள். கேட்காத பொருளைக் கேட்பது போல வைத்துப் பேசலாம் என்று அதற்கும் இலக்கணம் இருக்கிறது. கபிலர் பாடிய ஒரு குறுந்தொகைத் தலைவிக்குக் களவின் சாட்சி என்று இருந்தது, ஆரல் மீன் பார்த்து நின்ற ஒரு குருகுதான். ஒரே ஒரு பறவை, அதுவும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது! உங்கள் ஸ்டேட்டஸுக்குக் கேட்போர் கிடையாது, பார்ப்போர் மட்டும்தான். விரலால் மேலே தள்ளினால் எத்தனை பேர், யார் யார் என்று பட்டியல் வருகிறது. முந்நூறு பேர் பார்த்தார்கள் என்பதில் ஒருவர்கூடக் கேட்டார் என்று அர்த்தமில்லை.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. என் கட்டுரைத் தொகுப்பு வந்தபோது அட்டைப்படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். ராத்திரி பதினோரு மணிக்குக்கூட எழுந்து பார்த்தேன். 43 பேர். அதில் உன் பெயரும் இருந்தது, நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துக் கண்டது இதைத்தான். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்து வந்த புறா, தீனி நின்றால் சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்து வந்த புறா லேசில் விடாது, கொத்திக்கொண்டே இருக்கும். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009-இல். இன்ஸ்டாகிராம்காரர்களே 2021-இல், வேண்டுமானால் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளலாம் என்று வசதி கொடுத்தார்கள். யார் மறைத்தார்கள்? அன்றிரவு நானும் ஒரு கிழட்டுப் புறாதான்.

இனி என் சொந்தச் சரக்கு. இதை எந்த ஆய்விதழும் போடாது, உன்னிடம் சொல்லி வைக்கிறேன். நீங்கள் போடும் பதிவுகளுக்குச் சங்க இலக்கியத்தில் முன்னோடி தேடினால் அது அகப்பாட்டு இல்லை. மடலேறுதல்.

பனங்கருக்கு மட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் உருவத்தை எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கத் தெருவில் வருகிறான். எதற்காக? ஊர் பார்க்க வேண்டும், பார்த்துப் பேச வேண்டும், பேச்சுத் தாங்காமல் பெண் வீட்டார் இறங்கிவர வேண்டும். உடம்பில் கருக்கு கிழிக்கிறது, அதையும் பார்க்கட்டும் என்கிறான். கையை அறுத்துக்கொண்டு படம் போடும் பிள்ளைகளை நினைத்துக்கொள். கவனி, படம் அவளுடையது. அனுமதி யாருடையது? நம் முன்னோர் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்தார்கள். மடலேறுவேன் என்று தோழியிடம் சொல்வது வரைக்கும் அது நல்ல அகம். ஏறியேவிட்டால் பெருந்திணை. பொருந்தாக் காமம் என்று உரைகாரர்கள் ஒதுக்கிய மூலை அது. வள்ளுவர் 114-ஆம் அதிகாரத்துக்கு வைத்த பெயர் 'நாணுத் துறவுரைத்தல்'. நாணத்தை விட்டுவிட்டதைச் சொல்வது என்று பொருள். அடுத்த அதிகாரமே 'அலர் அறிவுறுத்தல்'. இவன் நாணை விட்டால் அடுத்து அலர்தான் என்று அந்த வரிசையே சொல்கிறதாக எனக்குப் படும். உரைகாரர்கள் வேறு காரணம் சொல்லலாம், சொல்லட்டும். (திருமங்கையாழ்வார் பெண்ணாகி நின்று இரண்டு திருமடல் பாடினாரே என்று நீ மடக்குவாய். அது வேறு கணக்கு. அவர் மிரட்டியது பெருமாளை, பெருமாள் தாங்குவார்.)

அலர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முணுமுணுப்பாக இருக்கும்வரை அம்பல், அது மொட்டு. வாய்விட்டுப் பேசினால் அலர், அது பூ. அந்தக் காலத்தில் அம்பலும் அலரும் ஊரார் வேலை. தலைவி அதற்கு அஞ்சி நடுங்கினாள். இன்று அவரவர் அலரை அவரவரே தூற்றிக்கொண்டு, போதிய அளவு பரவவில்லையே என்று வருந்துகிறார்கள். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து செல்ஃபி, துக்க வீட்டிலிருந்து லைவ்.

துக்க வீடு என்று எழுதிவிட்டேன். உன் அத்தை போனது விடிகாலை நாலரை மணி. திருநெல்வேலியில் இருந்த அவள் அக்காவுக்கு இதய நோய். அவர்கள் வீட்டு வேலைக்காரம்மா வந்து பக்கத்தில் நின்ற பிறகு பேசலாம் என்று நான் ஆறு மணி வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் உறவுக்காரப் பையன் ஒருவன், மூக்கில் குழாயோடு அவள் கிடந்த படத்தை, அழுகிற மஞ்சள் முகங்கள் மூன்றைச் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். அக்காவுக்குச் செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பையன் கெட்டவன் இல்லை, அவளிடம் சோறு தின்று வளர்ந்தவன், அவன் அழுததும் உண்மை. அந்தப் படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிட்டது என்று எனக்குச் சமாதானம் சொன்னான்.

நீ மறுத்துப் பேசுவாய். பேச வேண்டும். பெயர் சொல்லித்தான் ஆக வேண்டிய இடம் இல்லையா? உண்டு. கண்ணகி பாண்டியன் முன் நின்றபோது தன் ஊரைச் சொன்னாள், கோவலனைச் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள். நீதி கேட்கிறவர் பெயரோடுதான் கேட்க வேண்டும். தனக்கு நேர்ந்த கொடுமையைப் பொதுவில் சொல்லும் பெண்ணைப் பார்த்து 'இதையெல்லாம் இங்கே போடலாமா' என்று கேட்பவனோடு எனக்குப் பேச்சில்லை. அவள் பேசுவது புறம், புறமாகவே நின்று பேசட்டும். ஆனால் வழக்கும் இல்லாமல் கேட்போரும் இல்லாமல் தினமும் சிலம்பை உடைப்பது எனக்குப் புரியவில்லை.

இவ்வளவும் எழுதியது எதற்கென்று இப்போது சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ போட்ட கவிதையை உன் நண்பன் ஒருவன் எனக்கு அனுப்பிவைத்தான். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இருவரும் பேசாமல் நின்றது பற்றி. நன்றாக இருந்தது. ஏழாம் வரியில் ஒரு 'மட்டும்' அதிகம், எடுத்துவிடு. அதற்குக் கீழே அந்தப் பெண்ணின் கணக்கை இணைத்திருக்கிறாய். 112 பேர் கருத்து எழுதியிருந்தார்கள். கவிதையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, எல்லாரும் அவளைப் பற்றியே எழுதியிருந்தார்கள். கவிதை இருக்கட்டும். அந்த இணைப்பை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடு.

அவளிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. வரும்போது என்னுடைய பத்துப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவா, நீ வாங்கிப்போய் ஒரு வருஷமாகிறது. மற்றவை நேரில்.

அன்புடன்,
உன் ஐயா