வேலன் வெறியாட்டும் விலகல்நிலை நோயும்

குறிஞ்சித்திணைப் பாடல்களைக் கற்பிக்கும்பொழுது மாணவர் ஓரிடத்தில் தவறாமல் வழுவுவர். ‘தலைவி வெறியாடினாள்’ என்று தேர்வுத்தாளில் எழுதுவோர் ஆண்டுதோறும் உளர். ஆடுபவன் வேலன், தலைவி வாளா இருக்கிறாள். அவள் மேனி பசந்துள்ளது, வளை நெகிழ்ந்துள்ளது. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை வினவ, ‘முருகன் அணங்கினான்’ எனக் குறி பிறக்கிறது. களம் இழைத்து, மறியறுத்து, வேலன் ஆடுகிறான். உண்மை அறிந்தவள் தோழி ஒருத்தியே. இத்துறைக்கென ஐங்குறுநூற்றில் கபிலர் ‘வெறிப்பத்து’ என ஒரு பத்தே பாடியுள்ளார். இதனைப் பாடிய சிறப்பால் ஒரு புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் நிலைத்தது. நற்றிணைத் தோழி ஒருத்தியோ, இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்து நின்ற முருகனையே அறியாமை உடையவன் என இடித்துரைக்கிறாள்.

காமநோயும் மனநோயும் ஒன்றெனக் காட்டுவது என் நோக்கமன்று. வாய்விட்டுச் சொல்ல இயலாதது உடலில் நோயாகத் தோன்றும், சுற்றத்தார் அதற்கு வேறொரு பெயர் இடுவர் என்பதை அப்புலவர்கள் நுட்பமாகக் கண்டிருந்தனர். இக்கால மனநல மருத்துவம் ‘டிசோசியேட்டிவ் டிஸார்டர்’ எனக் கூறும் நோய்களை விளங்கிக்கொள்ள இந்த அறிவு பெரிதும் துணைசெய்கிறது. ‘பிளவு’ எனத் தமிழாக்கினால் மனச்சிதைவு நோயோடு மயங்கும். ஆதலின் ‘விலகல்நிலை நோய்’ என்று ஈண்டுக் குறிக்கிறேன்.

நினைவு, உணர்வு, தன்னடையாளம், உடலியக்கம் ஆகியவை இயல்பாக ஒன்றோடொன்று பிணைந்து இயங்குவன. தாங்கவொண்ணாத அதிர்ச்சி நேர்கையில் இப்பிணைப்பு நெகிழ்கிறது. நேர்ந்ததன் நினைவு ஒரு புறமாகவும் அன்றாட வாழ்வு மறு புறமாகவும் விலகி நிற்கின்றன. பிரெஞ்சு அறிஞர் பியர் ஜானே 1889இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அதற்கு முன்னும் பின்னும் நெடுங்காலம் ‘ஹிஸ்டீரியா’ என்ற பெயரே வழங்கிற்று. கருப்பை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. பெண்ணின் துயரத்தை அவள் உறுப்பின்மேல் ஏற்றிச் சொன்ன பெயர். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பகுப்பு நூல் அச்சொல்லைக் கைவிட்டு, விலகல்நிலை நோய்களைத் தனி வகையாக்கிற்று.

இந்நோய் பல வடிவங்களில் தோன்றும். வாழ்வின் ஒரு பகுதியே மறந்துபோதல், தன் உடல் தனக்கு அயலாகத் தோன்றல், ஒருவருள் வேறு வேறு ஆளுமைகள் தலையெடுத்தல் ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் இறுதியாகக் கூறியதையே 2005இல் வெளிவந்த ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ ஆகிய திரைப்படங்கள் நம் மக்களுக்கு அறிமுகம் செய்தன. ஆயினும் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவன வலிப்புப் போன்ற வீழ்ச்சியும் ‘பேய் பிடித்தல்’ எனப்படுவதுமே. கோயில் கொடையில் அருள் வந்து ஆடும் சாமியாடியை நோயாளி எனக் கொள்ளல் தவறு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் பகுப்பும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கூறுகிறது. தான் விரும்பாமல், சமய வழக்கிற்குப் புறம்பாக வந்து துன்புறுத்துவதே நோய்.

கோவில்பட்டிக் கரிசற் பகுதியில் இந்நோயைக் காண ஏட்டைப் புரட்ட வேண்டுவதில்லை. என் ஒன்றுவிட்ட ராத்தா ஒருவர் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கி வந்தார். 1998இல் அங்கு நேர்ந்த தீ விபத்தில், அருகிலிருந்து வேலை செய்த தோழி கருகியதை நேரிற் கண்டார். மழை பொய்த்த ஆண்டுகளில் அவ்வேலையே பல வீடுகளுக்கு அடுப்பெரித்தது. ஆகவே விபத்தைப் பற்றி எவரும் உரக்கப் பேசவில்லை. மணமாக வேண்டிய பெண் அச்சங்கொண்டவள் எனப் பெயரெடுத்தலாகாது என வீட்டாரும் வாயை அடைத்தனர். “அதைப் பேசாதே ராத்தா” என்று தடுத்தவர்களுள் பள்ளி மாணவனாயிருந்த நானும் ஒருவன்.

மணமான பின், அடுப்பு மூட்டத் தீக்குச்சி உரசும்போதெல்லாம் அவர் விழத் தொடங்கினார். கண்களை இறுக மூடி நெடுநேரம் கைகால்களை உதறுவார். பிறகு, இறந்த தோழியின் குரலில் தண்ணீர் கேட்பார். ஓதி ஊதினர், தாயத்துக் கட்டினர். பின்னர், ஜமாஅத்தார் அறியாமல், கோடாங்கியிடமும் அழைத்துச் சென்றனர். உடுக்கையடித்து வினவிய கோடாங்கியும் வந்திருப்பவள் யார் என்றுதான் கேட்டார். இவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஆய்வு நினைவுகூரத்தக்கது. தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் பேயோட்டுச் சடங்குகளை ஆராய்ந்து இசபெல் நபோகோவ் 2000இல் ஒரு நூல் வெளியிட்டார். அகால மரணமுற்ற இளைஞரின் பேய் புதுமணப் பெண்களைப் பிடிப்பதாகவும், சடங்கு முடிவில் கூந்தற்கற்றையைப் புளியமரத்தில் அறைவதாகவும் அதிற் காண்கிறோம். பேய் பேச வைக்கப்படுகிறது. பெண்ணுக்குச் சொந்தமான பேச்சு வெளிவராமலே போகிறது. கோடாங்கியின் களத்திலும் நான் கண்டது அதுவே.

இறுதியாகச் சங்கிலியிட்டுத் தங்கவைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. பாட்டி ஒப்பவில்லை. பின்னர், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அந்நாளேட்டை எங்கள் வீட்டில் மடித்து ஒளித்துவைத்தனர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்தலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடைசெய்துள்ளது.

ராத்தாவைப் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவரிடம் காட்டியபோது, அவர் முதலில் கால்கை வலிப்பா என்பதையே ஆராய்ந்தார். இம்முறை இன்றியமையாதது. மூளை மின்னலைப் பதிவு மட்டும் போதாது. விழும் விதம், நேரம், கண்ணின் நிலை ஆகியவற்றையும் கேட்டறிதல் வேண்டும். இது வலிப்பன்று எனத் தெளிந்தபின், ‘நடிப்புமன்று’ என்பதை வீட்டாருக்கு அழுத்திக் கூறினார். விலகல்நிலைக்கென நேரடி மருந்து இல்லை. உடன்வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் மருந்து தருவர். உயிர்ச்சிகிச்சை பேச்சே. அதற்கும் ஒரு முறைமை உண்டு: முதலில் அச்சமின்றி இருக்க ஓர் இடம், பிறகு சிறிது சிறிதாக நினைவை எதிர்கொள்ளல், அதன்பின் அதனைத் தன் வாழ்வின் பகுதியாக ஏற்றல். நினைவை வலிந்து தோண்டினால் நோய் முற்றும்.

அகப்பொருள் இலக்கணம் ‘அறத்தொடு நிற்றல்’ என்பதைத் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைப்பதாக வரிசைப்படுத்துகிறது. சொல் ஒவ்வொரு செவியாகக் கடந்து, எவரும் எடுத்த எடுப்பிலேயே தந்தைமுன் நிறுத்தப்படாமல், உண்மை வீட்டை அடைகிறது. ராத்தா வீட்டிலும் ஏறத்தாழ அவ்வாறே நிகழ்ந்தது. மருத்துவர் மாமியாரை வெளியே அமர்த்திவிட்டு, ஆபீஸில் உடன் வேலைசெய்த மற்றொருத்தியை அழைத்துவரச் சொன்னார். அவ்விருவரும் முதன்முறையாக அந்த விபத்தைப் பற்றிப் பேசி அழுதனர். வீழ்ச்சி உடனே நின்றுவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் சென்றன.

இன்று மருந்து நெடி பட்டால் ராத்தா அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்து திண்ணையில் அமர்வார். சிறிது நேரத்தில், தம் சொந்தக் குரலிலேயே அத்தோழியின் பெயரைச் சொல்லி, அவள் கட்டை அடுக்கும் வேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். நாங்களும் அருகில் அமர்ந்து கேட்போம்.