விற்றுத் தீர்ந்த வீடுகள், விளக்கெரியாத ஜன்னல்கள்

கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை விற்றுப்போய்விட்டன. ஆனால் இரவானால் ஜன்னல்களில் வெளிச்சமில்லை. இப்படியொரு வியாபாரத்தை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? சீனாவின் ஓர்டோஸ் நகரைப் பற்றி வாசித்தபோது எனக்கு எழுந்த கேள்வி இது.

உள் மொங்கோலியாவிலுள்ள ஓர்டோஸ், நிலக்கரியால் திடீரெனச் செழித்த நகரம். சீனாவின் நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அங்கேதான் உள்ளதாகச் சொல்லப்படுகிறது. பழைய நகர்ப்பகுதியிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர் தள்ளி, கங்பாஷி என்ற புதிய நகரை எழுப்பினார்கள். 2006இல் அரச அலுவலகங்கள் அங்கு இடம்மாறின. பத்து இலட்சம் பேர் குடியேறுவர் என்று முதலில் பேசப்பட்டது. பின்னர் அது மூன்று இலட்சமாகக் குறைக்கப்பட்டது. 2009இலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அதற்கு வைத்த பெயர் "பேய் நகரம்".

வாங்கியவர்கள் யார்? சுரங்க முதலாளிகளும், சுரங்கத்துக்குக் காணி கொடுத்து நட்டஈடு பெற்றவர்களுந்தான். வங்கி வைப்புக்கு வருமானம் குறைவு, பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது கடினம், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆண்டு வரியும் இல்லை. ஆகவே ஒருவரே பல வீடுகளை வாங்கிப் பூட்டி வைத்தார். உள்ளூர் நிர்வாகத்துக்கோ, 1994 வரிச் சீர்திருத்தத்தின் பின் காணிக் குத்தகைப் பணமே பெரிய வருமானம். எல்லோருக்கும் இலாபம், குடியிருக்க ஆள்தான் இல்லை.

நம் கடைக்காரர்களுக்கு இது புதிதல்ல. மொத்த வியாபாரி நூறு பெட்டி விற்றுவிட்டதாகக் கணக்கெழுதுவார். சரக்கு சில்லறைக் கடைக்காரரின் களஞ்சியத்தில் தூங்கும். அடுத்த மாதம் ஓடர் வராதபோதுதான் விஷயம் விளங்கும். கை மாறியதெல்லாம் விற்பனையல்ல, பாவனைக்குப் போனதே விற்பனை என்பது என் கருத்து.

ஓர்டோஸில் இதைவிடப் பெரிய ஆபத்து கைக்கடன். உறவினரிடமும் அயலவரிடமும் உயர்ந்த வட்டிக்குத் திரட்டிய பணம், கைமாறிக் கைமாறிக் கட்டட முதலாளிகளிடம் சென்றது. 2011இல் வீட்டு விற்பனை நின்றது. கொடுக்கல் வாங்கல் சங்கிலி அறுந்தது. அடுத்த ஆண்டு நிலக்கரி விலையும் விழுந்தது. சொத்து இருந்தது, அதை வாங்கத்தான் ஆளில்லை.

பேய் நகரம் என்ற பெயரும் முழு உண்மையல்ல. நல்ல பாடசாலைகளை அங்கு மாற்றியதும் பிள்ளைகளுக்காகக் குடும்பங்கள் வந்தன. 2020 கணக்கெடுப்பில் கங்பாஷியின் சனத்தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் வட்டிக்கு வாங்கியவருக்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வசதி ஏது?

பிறகு இதே நோய் நாடளவில் வந்தது. கட்டி முடியாத வீட்டுக்கு முன்கூட்டியே பணம் வாங்கி, அதைக்கொண்டு அடுத்த காணியை எடுத்தன பெரிய கம்பனிகள். 2020இல் அரசு கடனுக்கு வரம்பு விதித்தது; 2021இல் எவர்கிராண்ட் கடனடைக்கத் தவறியது. 2022இல், பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெசென் நகரில், அக்கம்பனியின் பாதியில் நின்ற தொடர்மாடிகளில் வீடு வாங்கியோர், வேலை தொடங்காவிட்டால் வங்கித் தவணை கட்டமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.