பந்தி போட்டவர்களைப் பார்

கண்ணம்மாவுக்கு,

முதல் புத்தகம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பதிப்பகத்தார் உன்னை அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சித்திக்கு அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை. கண்காட்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் கையெழுத்துப் போட ஒரு மேசை, ஞாயிறு இரவு நியூபெரி–கால்டெகாட் விருந்துக்கு ஒரு சீட்டு. என்ன புடவை கட்டுவது, யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். புடவை உன் இஷ்டம். மற்றதற்குத்தான் இந்தக் கடிதம்.

22 வருடம் நியூஜெர்சியில் குழந்தைகள் பிரிவு நூலகராக இருந்தவள் உன் சித்தி. அந்த மாநாட்டுக் கூடங்களில் தோள் வலிக்க வலிக்கப் புத்தகப் பை சுமந்தவள். புதிதாக வரும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் பேர் பெற்ற எழுத்தாளர்கள் பின்னாலேயே மூன்று நாளும் அலைவார்கள். நீ நூலகர்களைத் தேடிப் போ. அந்தப் பந்தியே அவர்கள் போட்டதுதான்.

1921 ஜூன் மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்வாம்ப்ஸ்காட்டில் நூலகச் சங்கத்தின் மாநாடு. குழந்தைகள் நூலகர்கள் தனியாகக் கூடியிருந்த கூட்டத்தில் ஃப்ரெடெரிக் மெல்ச்சர் எழுந்து, சிறுவர் புத்தகத்துக்கென்று ஒரு பதக்கம் கொடுக்கலாமே என்றார். புத்தக வியாபாரத்திலேயே ஊறியவர் அவர். 18ஆம் நூற்றாண்டு லண்டன் புத்தக வியாபாரி ஜான் நியூபெரியின் பெயரை வைக்கலாம் என்றும் அவரே சொன்னார். ஆனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நூலகர்களிடம் போனது. அடுத்த வருடம் வந்து சேர்ந்த 212 வாக்குகளில் 163 ஹென்ட்ரிக் வான் லூன் எழுதிய மனிதகுல வரலாற்றுக்கு விழுந்தன. சிறந்த படப் புத்தகத்துக்கான கால்டெகாட் பதக்கம் 1938இல்தான் வந்தது.

இப்போது நியூபெரிக்கு 15 பேர் கொண்ட குழு. ஒரு வருடம் முழுக்கப் படிக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சமையலை முடித்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படிப்பவர்கள் அவர்கள். மூடிய கதவுக்குள் என்ன பேசினார்கள் என்பதைக் கடைசிவரை வெளியே சொல்ல மாட்டார்கள். முன்பெல்லாம் ஜனவரி மாதம் ஒரு நாள் விடியற்காலை, ஸ்பீக்கர் போனைச் சுற்றி நின்றுகொண்டு எழுத்தாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள். கிடைப்பது ஒரு வெண்கலப் பதக்கம். பணமுடிப்பு கிடையாது. ஆனால் அந்த வட்டமான தங்கநிற முத்திரை அட்டையில் ஏறிவிட்டால், நாட்டில் இருக்கும் நூலகமெல்லாம் அந்தப் புத்தகத்தை வாங்கி வைக்கும். பல பத்தாண்டு கழித்தும் அது அலமாரியில் இருக்கும்.

1928இல் அந்தப் பதக்கம் நம்மவர் ஒருவருக்குக் கிடைத்தது உனக்குத் தெரியுமா? தன கோபால் முகர்ஜி, கல்கத்தாப் பக்கத்துக்காரர். 1910இல் அமெரிக்கா போனவர். முதல் உலகப் போரில் செய்தி சுமந்த ஒரு புறாவின் கதையை எழுதினார். புறாவின் பெயர் சித்ரக்ரீவன். பஞ்சதந்திரத்தில் வலையோடு பறந்துபோன புறாக்களின் அரசனுக்கும் அதே பெயர்தான். பாட்டி சொன்ன கதையிலிருந்து அந்தப் பெயர் அமெரிக்கப் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் சித்திக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

கண்காட்சிக் கூடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1969, அட்லாண்டிக் சிட்டி மாநாடு. கிளிண்டன் கிரியர், மேபல் மெக்கிஸிக் என்று இரண்டு கறுப்பினப் பள்ளி நூலகர்கள். ஒரு பதிப்பாளரின் கடையில் மார்ட்டின் லூதர் கிங்கின் சுவரொட்டி ஒன்றே ஒன்று இருந்தது. இருவருமே அதற்கு ஆசைப்பட்டார்கள். அப்படிப் பேச்சு தொடங்கியது. நியூபெரி பதக்கம் கொடுக்க ஆரம்பித்து அப்போது ஐம்பது வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை ஒரு கறுப்பின எழுத்தாளருக்குக்கூட அது கிடைக்கவில்லை என்ற ஆற்றாமை அந்தப் பேச்சில் வந்தது. கடைக்காரர் ஜான் கரோல், நீங்களே ஒரு விருதைத் தொடங்கினால் என்ன என்று கேட்டார். 1970இல் கொரெட்டா ஸ்காட் கிங் விருது பிறந்தது. வர்ஜீனியா ஹாமில்டன் முதல் கறுப்பினத்தவராக நியூபெரி வாங்க 1975 ஆனது. ஒரு சுவரொட்டிக்கு முன்னால் நின்று, முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் பேசிய பேச்சு அது. நீயும் கடை கடையாக நின்று பேசு. கழுத்து அட்டையில் என்ன ஊர் என்று பார்த்து, அங்கே பிள்ளைகள் என்ன கேட்டு வாங்குகிறார்கள் என்று விசாரி.

பூரா பெல்ப்ரேயின் பெயரிலும் 1996 முதல் ஒரு விருது இருக்கிறது. 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில், ஹார்லெமில் இருந்த ஒரு கிளையில் வேலைக்குச் சேர்ந்த போர்ட்டோ ரிக்கோப் பெண். தான் பிறந்த மண்ணின் கதை ஒன்றுகூட அலமாரியில் இல்லையே என்று பார்த்தார். பொம்மை செய்து, அதைக் கையில் மாட்டிக்கொண்டு, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் தானே சொல்ல ஆரம்பித்தார். மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சிக்கும் பெரெஸ் என்ற எலிக்கும் நடந்த கல்யாணக் கதை 1932இல் புத்தகமானது. கதைநேரத்துக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் கேட்டுக் கேட்டுப் பதமான கதை அது. உன் இரண்டாவது புத்தகத்தை எழுதுமுன் ஏதாவது ஒரு நூலகத்தில் போய் வாய்விட்டுப் படித்துப் பார். பிள்ளைகள் எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

இப்போது கையெழுத்து மேசை. பெயர் வேண்டாம், ஒரு எழுத்தாளரின் வரிசையில் சித்தி முக்கால் மணி நேரம் நின்றாள். எங்கள் நூலகத்துக்கு வரும் ஒரு பையன், உள்ளே வந்தாலும் தொப்பியைக் கழற்றாதவன், அந்தப் புத்தகத்தை ஏழு தடவை எடுத்துப் போயிருந்தான். ஒட்டுத்தாளில் அவன் பெயரை எழுதிப் பக்கத்தில் ஒட்டி நீட்டினாள். எழுத்தாளர் தலையைத் தூக்கவேயில்லை. பேனா ஓடியது, "அடுத்தவர்" என்றார். ஏழு தடவை என்ற செய்தி சித்தியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதைக் கேட்டிருந்தால் அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! புத்தகத்தைப் பையனிடம் கொடுத்தபோது, "என்னைப் பற்றிச் சொன்னீர்களா?" என்றான். அவன் முகம் சித்திக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே நிமிர்ந்து பார். பெயருக்கு எழுத்து என்ன என்று கேள். உன் வரிசையில் நாலே பேர் இருந்தாலும் நாலு பேரோடும் பேசு.

விருந்துக்கு வருவோம். சாப்பாட்டுக்குப் பிறகுதான் பதக்கமும் உரையும். அந்த உரைகள் லேசுப்பட்டவை அல்ல. ஜனவரியில் செய்தி வந்ததிலிருந்து மாதக்கணக்காகத் திருத்தித் திருத்தி எழுதுவார்கள், ஹார்ன் புக் இதழில் அச்சிலும் வரும். 2020இல் ஜெர்ரி கிராஃப்ட், படக்கதைக்கு முதல்முறையாக நியூபெரி வாங்கினார். அந்த வருடம் கொள்ளைநோயால் மேசையும் இல்லை, கூட்டமும் இல்லை. உரையை வீடியோவில்தான் கேட்க முடிந்தது. ஆகவே நேரில் உட்காரக் கிடைத்ததைப் போனில் படம் பிடித்தே கழித்துவிடாதே. உரை முடிந்து ஆயிரம் பேர் எழுந்து நிற்கும்போது, அந்த 15 பேர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடிப் பார். அவர்கள் முகத்தையும் பார்.

உன் கதையைப் பற்றி யாராவது கேட்டால், இதை நினைத்துக்கொள். சென்னையில் கைவிடப்பட்ட ஒரு பாலத்தின் மேல் வாழும் நாலு பிள்ளைகளைப் பற்றி, அதே ஊரில் பிறந்த பத்மா வெங்கட்ராமன் எழுதிய நாவல் 2020இல் அமெரிக்காவில் வால்டர் விருது பெற்றது. உன் கதையில் வரும் தேரடித் தெருவை யாருக்கும் புரியாது என்று சுருக்கிச் சொல்லாதே. கேட்பவரிடம் முழுதாகச் சொல்.

விருந்துச் சீட்டை உறுதிசெய்யும்போதே சைவம் என்று குறித்துவிடு. அங்கே போய்ச் சொன்னால் இலைதழைதான் கிடைக்கும். கூடம் குளிரும், சால்வை எடுத்துக்கொள். பழகிய செருப்பைப் போட்டுக்கொள். நல்ல பேனா மூன்று. திங்கட்கிழமை காலையில் கூப்பிடு. உன் மேசையில் யார் யார் உட்கார்ந்தார்கள், எந்தெந்த ஊர் நூலகம் என்று சித்தியிடம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சித்தி