சேதனப் பசளை நெல்லும் இரசாயனப் பசளை நெல்லும்: சத்து எங்கே இருக்கிறது?

மீள்குடியேறிய பின் முதலாவது காலபோகத்துக்கு வயலைத் தயார் செய்யும்போது உங்கள் மனதில் இந்தக் கேள்வி எழலாம்: மாட்டெருவும் இலைகுழையும் போட்டு விளைவித்த அரிசி, யூரியா போட்டு விளைவித்த அரிசியை விடச் சத்துக் கூடியதா? கையில் இருக்கும் பணம் கொஞ்சம். அதை எதில் போடுவது என்று முடிவெடுக்க முன் இந்தப் பாடத்தை வாசியுங்கள்.

தவிட்டில் என்ன இருக்கிறது?

நெல்லின் உமியை நீக்கியதும் அரிசியின் மேல் ஒரு மெல்லிய தோல் தெரியும். அதுதான் தவிடாகப் போவது. பூச்சி, பூஞ்சணம் போன்றவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பயிர் உருவாக்கும் பீனோலிக் சேர்மங்களில் பெரும்பகுதி இந்தத் தோலிலேயே இருக்கிறது. விற்றமின் ஈ, விற்றமின் பி1, நார்ச்சத்து என்பனவும் இதிலும் முளையிலும்தான் கூடுதலாக உள்ளன. சிவப்பரிசிக்கு நிறம் கொடுக்கும் பொருள், பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான பொருளின் இனத்தைச் சேர்ந்தது. வெள்ளை அரிசியில் அது இல்லை.

எந்தப் பசளை நல்லது?

இரு முறைகளிலும் விளைந்த அரிசியை ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் சேதன முறை அரிசியில் இச்சேர்மங்கள் சற்றுக் கூடியிருந்தன. வேறு சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. நெல்லின் இனமும் அதைத் தீட்டும் அளவும்தான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. மாட்டெரு போட்டு விளைந்த நெல்லையும் வெள்ளை வெளேரென்று தீட்டினால், அந்தச் சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ நெல்லை மில்லில் கொடுத்து நன்றாகத் தீட்டினால் சுமார் 20 கிலோ உமியும் 10 கிலோ தவிடும் கழிந்து, ஏறக்குறைய 70 கிலோ அரிசி கிடைக்கும். அந்த 10 கிலோவில்தான் நாம் தேடும் சத்து இருக்கிறது. அது கோழிக்கும் மாட்டுக்கும் போகிறது.

அப்படியானால் சேதனப் பசளை வீணா?

இல்லை. அது மண்ணைப் பதப்படுத்தும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், பசளைச் செலவைக் குறைக்கும். பல வருடம் தரிசாகக் கிடந்த வயலுக்கு அது மிகவும் உதவும். ஆனால் முதற்போகத்திலேயே இரசாயனப் பசளையை முற்றாக நிறுத்தினால் விளைச்சல் குறையக்கூடும். இரண்டையும் எவ்வளவு கலந்து போடலாம் என்று உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். மிதிவெடி அகற்றப்படாத பகுதிக்குள் குழை வெட்டப் போக வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. வீட்டுத் தேவைக்கு மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பு நெல்லில் ஒரு பகுதியாவது விதையுங்கள்.

2. சாப்பாட்டுக்கான நெல்லை "தவிடு போகாமல் குத்தித் தாருங்கள்" என்று மில்லில் கேளுங்கள்.

3. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி கெதியில் சிக்கு மணம் பிடிக்கும். நெல்லாகச் சேமித்து, இரண்டு மூன்று கிழமைக்குத் தேவையானதை மட்டும் குத்துங்கள்.

4. தீட்டிய அரிசிதான் கிடைக்குமென்றால் புழுங்கலைத் தெரிவுசெய்யுங்கள். நெல்லை அவிக்கும்போது பி விற்றமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும்.

5. அரிசியைப் பல தடவை கழுவ வேண்டாம். வடித்த கஞ்சியை ஊற்றாமல் குடியுங்கள்.

6. தவிட்டிலுள்ள ஒரு பொருள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சோற்றோடு கீரையும், அதில் பிழிந்த தேசிக்காய்ப் புளியும் இருந்தால் அந்தக் குறை ஓரளவு நீங்கும்.

உங்கள் வயலுக்கு எந்தப் பசளை போட்டாலும், விளைந்த சத்தை மில்லில் விட்டுவிட்டு வராதீர்கள்.