தனித்தனியே குறைவுதான், சேர்ந்தால்?

மாணவர்களே, அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாய்ப் பாசன வயல்களில் உழைத்த பெரியவர்களிடம் பி.எச்.சி. பவுடரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு நெல்வயல்களில் அதைத் தூவிய காலம் உண்டு. கொசுவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் டி.டி.டி.யும் அடித்தார்கள். இவை எளிதில் சிதைவதில்லை. கொழுப்பில் கரைவதால் மாட்டுப்பால், மீன் வழியாக நம் உடற்கொழுப்பில் வந்து தங்கிவிடும். இதே கடற்கரையில் வடக்கேயுள்ள பரங்கிப்பேட்டையில் 1980களின் இறுதியில் காற்றைச் சோதித்தபோது அதில்கூட இரண்டும் இருந்தன! பி.எச்.சி.க்கு 1997-இல் தடை வந்தது.

ஆக, உடலில் சேர்வது ஒரு நஞ்சு அல்ல, கலவை. பாதுகாப்பு வரம்பையோ பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாகத்தான் வகுக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் கற்பனையே. மூன்று பொருள்கள், மூன்றும் ஈரலைத் தாக்குபவை. ஒருவர் உடலில் முதலாவது தன் வரம்பில் 0.5 பங்கு சேர்கிறது, அடுத்தது 0.4, மூன்றாவது 0.3. எதுவும் 1-ஐத் தொடவில்லை. கூட்டினால் 1.2! இக்கூட்டுத்தொகைக்கு 'இடர்க் குறியீடு' என்று பெயர். அது 1-ஐத் தாண்டினால் நோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. மேலும் ஆராய வேண்டும் என்று பொருள்.

இது வெறும் காகிதக் கணக்கா? 2002-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஈஸ்ட்டில் செய்த சோதனையைப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல் மெலிதாக நடிக்கும் எட்டுப் பொருள்களை, தனியே எந்த விளைவும் காட்டாத அளவில் எடுத்துக் கலந்தார்கள். கலவை தெளிவாக வேலை செய்தது!

ஒன்று ஈரலையும் இன்னொன்று நரம்பையும் தாக்கினால் இப்படிக் கூட்டக் கூடாது. உறுப்புவாரியாகத் தனிக் கணக்கு வேண்டும். சேர்ந்தால் கூட்டுத்தொகையையும் மிஞ்சிவிடும் ஜோடிகளும் உண்டு. அவற்றுக்கு இந்தக் கூட்டல் போதாது.