வரியில்லாத தடைகள்: மரக்கறி வியாபாரத்தில் நாம் அறிய வேண்டியவை



லயத்துக்குப் பக்கத்துத் துண்டு நிலத்தில் கரட், லீக்ஸ் போடுபவர்களும், 1977, 1983 கலவரங்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து மிளகாய், கத்தரி செய்கிற நமது சொந்தங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வெள்ளாமை நல்லா இருக்கு, காசு மட்டும் ஏன் கைக்கு வரல்ல?" அதற்கு ஒரு காரணத்தை இந்தப் பாடத்தில் படிப்போம்.

ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வரி கேட்டால் அது கண்ணுக்குத் தெரியும். கணக்குப் போட்டு விலையில் சேர்க்கலாம். வரியே கேட்காமல் சோதனை, சான்றிதழ், காத்திருப்பு, திடீர்த் தடை என்று வருபவைதான் தீர்வை சாராத தடைகள். சீமெந்து நான்கு நாள் காத்திருக்கும், தக்காளி காத்திருக்குமா?

எங்கள் துணுக்காய்ச் சரக்கு மாங்குளம் போய்த்தான் ஏ9 வீதியில் ஏறும். யுத்தகாலத்தில் அந்த வீதி அடைபட்டுக் கிடந்தது. 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கையில், எந்தெந்தப் பொருட்களுக்குத் தடை என்று பட்டியல் எழுதப்பட்டது. பட்டியலில் இல்லாத, இராணுவத் தேவை சாராத பொருள் போகலாம் என்பதே விதி. ஏப்ரலில் வீதி திறந்தது. ஆனாலும் ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் இரு தரப்புச் சாவடிகள் இருந்தன. ஒரு பக்கம் லொறியை இறக்கி ஏற்றிச் சோதனை, மறுபக்கம் புலிகளின் வரி. 2006 ஆகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. விதியை எழுதி வைப்பது முதற்படி. அதைக் காப்பாற்ற இரு தரப்பும் நிற்காவிட்டால் எழுத்து மட்டும் போதாது.

எல்லாத் தடையும் அநியாயமானதல்ல. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய் உட்பட நாலு மரக்கறியையும் நிறுத்தியது. காரணம் பழ ஈ போன்ற பூச்சிகள். இந்தியா கோபித்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பொதியிடும் நிலையங்களையும் பரிசோதனையையும் சீராக்கியது. 2015 டிசம்பர் வரை என்றிருந்த மாம்பழத் தடை அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே நீங்கியது.

ஆபிரிக்காவிலும் இதே கதைதான். தன்சானிய வாழைப்பழத்தைத் தென்னாபிரிக்கா பல காலம் உள்ளே விடவில்லை. 2025 மார்ச்சில் மலாவியும் அரிசி, இஞ்சி, வாழைப்பழத்தை நிறுத்தியது. ஏப்ரலில் தன்சானியா பதிலுக்கு இரு நாட்டு விவசாயப் பொருட்களையும் தடுத்தது. சில நாட்களிலேயே பேச்சு நடந்து அந்தத் தடை விலக்கப்பட்டது. இப்படித் தடை வந்தால் வியாபாரி நேரே முறைப்பாடு பதிய ஆபிரிக்க நாடுகள் பொதுவான ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. முறைப்பாடு உரிய நாட்டு அதிகாரிக்குப் போகும். அவர் பதில் சொல்ல வேண்டும்.

நமக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வடக்கில் சில சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று வெட்டுகிறார்கள். கமக்காரர் இதைப் பல காலமாக எதிர்த்து வருகின்றனர். அதுவும் வரியில்லாத தடைதான். ஆகவே:

1. "இந்த விதி எங்க எழுதியிருக்கு?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

2. திகதி, இடம், காத்திருந்த நேரம், அழுகிய கிலோ, வெட்டிய கிலோ ஆகியவற்றைக் கொப்பியில் குறியுங்கள். "நிறைய நட்டம்" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். "முப்பது கிலோ" என்றால் கேட்பார்கள்.

3. குறை நமது சரக்கில் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். தரம் பிரியுங்கள், சாக்கில் அமுக்காமல் பெட்டியில் அடுக்குங்கள்.

4. தனியாகப் போகாதீர்கள். கமக்காரர் அமைப்பாகக் கமநல சேவை நிலையத்துக்கும், பிறகு பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு: உங்கள் சரக்கு கடைசியாக எங்கே தாமதமானது? தாமதித்தது யார்? என்ன காரணம் சொன்னார்? கொப்பியோடு வாருங்கள்.