நல்ல மடக்குக் கத்தியைக் குறைந்த செலவில் வாங்குவது எப்படி?

தோட்டத்தில் வாழும் நமக்குக் கத்தி புதிய பொருளன்று. விடியற்காலையில் பால் வெட்டும் கத்தியைக் கையிலெடுத்தே நம் நாளைத் தொடங்குகிறோம். ஆயினும், அக்கத்தியைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சட்டைப் பையில் கிடக்கும் மடக்குக் கத்தியின்மீது காட்டுவதில்லை. உர மூட்டையின் தையலைப் பிரிக்கவும், கயிறு அறுக்கவும், பாக்குச் சீவவும், பழம் நறுக்கவும் நாள்தோறும் உதவுவது இச்சிறு கருவியே.

நான் அறிந்த தொழிலாளி ஒருவர், இரவுச் சந்தையில் பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கினார். நான்கு மாதத்தில் அதன் அலகு ஆட்டங்கண்டது. அதை எறிந்துவிட்டு அதே விலையில் மற்றொன்று வாங்கினார். அதன் கூர் ஒரு வாரங்கூட நிற்கவில்லை. மூன்றாவது கத்தியோ, உர மூட்டையின் கயிற்றை அறுக்கும்போது பூட்டு நழுவி, ஆட்காட்டி விரலின்மேல் மடங்கிற்று. மருத்துவ விடுப்பு கிடைத்ததாயினும், அந்நாள்களுக்குரிய மேலூதியம் கிடைக்கவில்லை. காயம் ஆறிய பின்னும் அவ்விரல் முன்போல் மடங்கவில்லை. பால் வெட்டுபவருக்கு விரல்களே மூலதனம் அல்லவா?

அவர் செலவிட்ட தொகையைக் கணக்கிடுவோம். மூன்று கத்திகளுக்கு 36 வெள்ளி. 2025 ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாள்களுக்குப் பகுத்தால் ஒரு நாட்கூலி 65 வெள்ளி 38 காசு ஆகும். எனவே, அரை நாட்கூலிக்கும் மேலான தொகை வீணாயிற்று. அத்தொகையை ஒரே கத்திக்கு, அறிந்து செலவிட்டிருந்தால், அது பல ஆண்டுகள் உழைத்திருக்கும். மலிவு என்பது விலையில் மட்டும் இல்லை. எத்தனை நாள் உழைக்கும் என்பதிலும் இருக்கிறது.

எஃகை அறிதல்

கத்தியின் உயிர் அதன் அலகிலுள்ள எஃகு. எஃகில் கரி கூடினால் கடினமாக்க இயலும். கூர் நெடுநாள் நிற்கும். குரோமியம் என்னும் உலோகம் போதிய அளவு சேர்ந்தால் எளிதில் துருப்பிடிக்காது. சீன நாட்டுக் கத்திகள் பலவற்றின் அலகில் எஃகின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ‘3 சி.ஆர். 13’ என்றிருந்தால், கரி நூற்றுக்கு ஏறத்தாழ 0.3 பங்கு, குரோமியம் ஏறத்தாழ 13 பங்கு என்பது பொருள். அது துருவை எதிர்க்கும். ஆனால் விரைவில் மழுங்கும். ‘8 சி.ஆர். 13’ என்றிருந்தால் கரி ஏறத்தாழ 0.8 பங்கு; கூர் கூடுதலாக நிற்கும். நடுத்தர விலைக்கு இது தக்க எஃகு. ‘440’ என்று மட்டும் பொறித்திருந்தால் ஐயுறுக; அதில் ஏ, பி, சி என மூவகை உண்டு. அவற்றுள் ‘சி’ வகையே கரி மிகுந்தது. ‘ஸ்டெயின்லஸ்’ என்ற சொல் மட்டும் இருப்பின், அதனால் எஃகின் தரம் விளங்காது.

குரோமியம் குறைந்த கரி எஃகுக் கத்தி எளிதில் கூராகும். ஆயினும் பாக்கும் புளிப்பான பழமும் பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் துருவேறும். பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் பட்டால் விரைவில் அரிக்கப்படும். நம் தோட்டத்து ஈரக் காற்றுக்கும் மழைக்கும் துருவேறா எஃகே பெரும்பாலோர்க்கு ஏற்றது.

பூட்டை அறிதல்

மடக்குக் கத்திகளில் பூட்டு இல்லாதவையும் உண்டு. இவற்றில் பிடியின் முதுகிலுள்ள வில் மட்டுமே அலகை நிறுத்தும். குத்தும் வேலைக்கு இவை ஆகா. பூட்டுள்ளவற்றில், பிடியின் முதுகை அழுத்தித் திறப்பது ஒரு வகை. உள்ளிருக்கும் தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியைத் தாங்குவது மற்றொரு வகை. கழுத்திலுள்ள வளையத்தைத் திருகிப் பூட்டுவது மூன்றாம் வகை.

பிரான்சு நாட்டின் சவாய் வட்டாரத்தில் 1890 இல் ஜோசப் ஒப்பினெல் என்பார் உருவாக்கிய கத்தி மூன்றாம் வகைக்குச் சான்று. மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி என எளிமையாய் அமைந்த அதற்கு 1955 இல் பூட்டு வளையம் சேர்க்கப்பட்டது. அதன் எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர் நீளமுடையது. அன்றாட வேலைக்குப் போதுமானது. ஆனால், மரப்பிடி ஈரத்தில் ஊதி, அலகை இறுக்கிக்கொள்ளும். நம் நாட்டில் அதை வாங்குவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். ஜப்பானில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ‘ஹிகோனோகாமி’ கத்திக்குப் பிடியாவது மடித்த தகடொன்றே, பூட்டும் இல்லை. நல்ல கத்திக்கு அலங்காரம் தேவையில்லை என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

1. கத்தியை மடக்கிப் பாருங்கள். அலகு பிடியின் நடுவில், பக்கங்களில் உரசாமல் அமைய வேண்டும்; அதன் நுனி வெளியே தலைகாட்டக் கூடாது.

2. அலகைத் திறந்து, அதன் முதுகைப் பிடித்து, இருபுறமும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். புதிய கத்தியே ஆடுமாயின் வாங்காதீர்கள்.

3. பூட்டிய பின், மடங்கும் வழியில் விரல் படாதவாறு பிடித்து, அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அக்கத்தி இலவசமாய்க் கிடைத்தாலும் வேண்டா.

4. பிடியில் ஆணிக்குப் பதில் திருகாணி இருப்பின் நலம். தளர்ந்தால் வீட்டிலேயே முடுக்கலாம், பிரித்துத் துடைக்கலாம்.

5. பற்கள் வெட்டிய அலகைத் தவிர்த்து, நேரான கூருள்ள அலகையே தேர்ந்தெடுங்கள். அதைத்தான் நம்மிடமுள்ள சாதாரணக் கல்லில் தீட்ட இயலும்.

6. புகழ்பெற்ற பெயர் பொறித்த கத்தி மிக மலிவாய்க் கிடைத்தால், அது போலியாக இருக்கலாம். பெயரை நம்பாமல் மேற்கண்ட சோதனைகளை நம்புங்கள்.

பேணும் முறை

மலிவான கத்தியும் பேணினால் உழைக்கும். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்திற்கு அதன் முதுகைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடித்தால், ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு கிடைக்கும். இரண்டு சென்டிமீட்டர் அகலமான அலகுக்கு இவ்வுயரம் ஏழு மில்லிமீட்டர் அளவே. இச்சாய்வு மாறாமல் இருபுறமும் சமமாகத் தீட்டி, பழைய தோல் வாரில் இழுத்து முடியுங்கள். மின் சாணையில் பிடித்தால் சூடேறி அலகு நீலநிறம் கொள்ளும். அப்பகுதி தன் கடினத்தை இழந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

வேலை முடிந்ததும் துடைத்து உலர்த்தி, மூட்டில் ஒரு துளி எண்ணெய் இடுங்கள். பாலில் சேர்க்கும் அமோனியா பித்தளையை அரிக்கும். ஆகவே, பித்தளைத் தகடுள்ள கத்தியில் அது பட்டால் உடனே நீரால் கழுவுதல் வேண்டும்.

சட்டத்தை மறவாதீர்

பொது இடத்தில், முறையான காரணமின்றி ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுங்குற்றமாகும். கத்தி வேலைக்குரிய கருவி. வேலைக்குச் செல்லும்போது எடுத்துச் சென்று, முடிந்ததும் வீட்டில் வைத்துவிடுக. கோயில் திருவிழாவிற்கோ திரைப்படத்திற்கோ செல்லும்போது அது பையில் இருத்தல் ஆகாது. பொத்தானை அழுத்தியதும் தானாகப் பாயும் கத்தியை வாங்கவே கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடமே வீட்டில் கத்திக்கு உரிய இடம்.

விரலில் அடிபட்ட அந்தத் தொழிலாளி பின்னர் ஒரு கத்தி வாங்கினார். இம்முறை அவசரப்படவில்லை. வாரத்திற்கு ஐந்து வெள்ளியாக எட்டு வாரம் சேர்த்தார். கடையில் நின்று ஒவ்வொரு சோதனையும் செய்தார். இரண்டு கத்திகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். ஐந்தாண்டுகள் கடந்தும் அக்கத்தி அவரிடம் இருக்கிறது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்பிற்கு மட்டுமன்று, சிறு கவனத்திற்கும் பொருந்தும். அடுத்த சம்பள நாளில் சந்தைக்குச் செல்லும் அன்பர்கள், கத்தியின் விலையைக் கேட்குமுன் அதன் பூட்டைச் சோதித்துப் பார்ப்பார்களாக!